மெதுவாக எரியும் இலை: மோக்ஸா சூட்டு சிகிச்சை – ஓர் எளிய அறிமுகம்

அக்குபங்சர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் ஊசிதான் தோன்றும். ஆனால் சீனர்கள் அந்த மருத்துவ முறைக்கு இட்டிருக்கும் பெயர் 'ஜென்ஜியூ'. இதில் 'ஜென்' என்பது ஊசியைக் குறிக்கும். 'ஜியூ' என்பது உலர்ந்த மூலிகையைக் கொளுத்தி, அதன் சூட்டை உடலின் குறிப்பிட்ட இடங்களில் படச்செய்வதைக் குறிக்கும். ஜப்பானில் பணியாற்றிய டச்சு மருத்துவரான வில்லெம் டென் ரைனே 1683-இல் லண்டனில் வெளியிட்ட லத்தீன் நூலில், ஊசி குத்துவதற்கு 'அக்குபங்சுரா' என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர் உலகம் முழுவதும் பரவியபோது, ஊசியோடு எப்போதும் இணைத்தே சொல்லப்பட்டு வந்த நெருப்பு பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டது. அவ்வாறு உதிர்ந்துபோன மறுபாதியைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

இச்சிகிச்சையை ஆங்கில வழியாக நாம் 'மோக்ஸிபஷன்' என்றும், சுருக்கமாக 'மோக்ஸா' என்றும் சொல்கிறோம். 'மோக்ஸா' என்பது 'மொகுஸா' என்ற ஜப்பானியச் சொல்லின் திரிபு. எரிக்கப்படும் மூலிகைப் பஞ்சுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் அது. சிகிச்சையின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: ஒரு குறிப்பிட்ட செடியின் இலையை உலர்த்தி, இடித்து, பஞ்சுபோல ஆக்கி, அதைக் கூம்பாகவோ சுருட்டாகவோ செய்து, தோலின் மேலோ தோலுக்கு அருகிலோ வைத்துத் தணல்போல எரியவிட்டு, அந்தச் சூட்டினால் உடலைக் குணப்படுத்த முயல்வது. ஆனால் எந்த இலை, எந்த இடம், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற கேள்விகளுக்குள் நுழையும்போதுதான் இதற்குப் பின்னாலிருக்கும் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தின் நுட்பம் தெரியவரும்.

'ஜியூ' என்று எழுதும் சீன எழுத்தைச் சற்று உற்றுப் பார்க்கலாம். அதன் கீழ்ப்பாதி 'நெருப்பு'. மேல்பாதி 'நீண்ட நேரம்'. மேல்பாதி அந்த எழுத்தின் ஒலியைக் காட்டவே வந்தது என்பது பழைய அகராதிகளின் விளக்கம். ஆயினும் இச்சிகிச்சையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதைப் பொருளாகவும் படித்துக் காட்டுவதுண்டு: நெடுநேரம் நிற்கும் நெருப்பு. எனக்கு இந்த வாசிப்பு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. இலையைப் பல ஆண்டுகள் பழக வைப்பது, அதைத் தீக்கொழுந்து இல்லாமல் எரியவைப்பது, சூட்டைச் சிறிது சிறிதாக ஏற்றுவது, நாள்தோறும் விடாமல் செய்வது என இச்சிகிச்சையின் ஒவ்வொரு படியும் நெருப்பை நிதானப்படுத்தும் முயற்சியாகவே இருக்கிறது. அந்த நிதானம் தவறும்போதுதான் தீங்கும் நேர்கிறது.

எந்த இலை, ஏன் அந்த இலை

சீனர்கள் 'ஐ' என்று அழைக்கும் அந்தச் செடியின் தாவரவியல் பெயர் ஆர்ட்டிமீசியா ஆர்கி. ஜப்பானில் அதன் உறவுச் செடியான 'யொமொகி' பயன்படுகிறது. ஆர்ட்டிமீசியா என்ற இந்தப் பேரினம் நமக்கு அந்நியமானதன்று. பூக்காரம்மா கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தும், சித்த மருத்துவத்தில் வழங்கும் மாசிபத்திரியும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. மரிக்கொழுந்தைக் கசக்கி முகர்ந்தவர்களுக்கு, 'ஐ' இலையிலும் ஏன் அப்படியொரு நெடி இருக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை; இரண்டிலும் எளிதில் ஆவியாகும் நறுமண எண்ணெய்கள் உள்ளன.

மணத்தைக் காட்டிலும் முக்கியமானது இலையின் அடிப்பக்கம். அது வெள்ளை பூத்தாற்போல நுண்ணிய மயிர்களால் அடர்ந்து மூடியிருக்கும். உலர்ந்த இலையை உரலில் இட்டு இடித்துச் சலிக்கும்போது, இலையின் பச்சைச் சதையும் நரம்பும் பொடியாகி உதிர்ந்துவிட, இந்த மயிர்கள் மட்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மென்மையான பஞ்சாக எஞ்சும். எத்தனை முறை சலிக்கிறார்களோ அத்தனை தூய்மையாகவும் மென்மையாகவும் பஞ்சு அமையும். இலையின் எடையோடு ஒப்பிட்டால் கிடைக்கும் பஞ்சின் அளவும் அதற்கேற்பக் குறைந்துகொண்டே போகும். உயர்ந்த தரப் பஞ்சு பொன்னிறமாக இருக்கும். தோலின் மேல் நேரடியாக வைக்கும் சிறு கூம்புகளுக்கு அதுவே ஏற்றது. கொஞ்சம் தூளும் காம்பும் கலந்த பச்சை நிறப் பஞ்சு, தோலைத் தொடாத சுருட்டுகளுக்குப் போதும்.

இந்தப் பஞ்சின் சிறப்பு அது எரியும் விதத்தில் இருக்கிறது. பற்றவைத்தால் கொழுந்துவிட்டு எரியாது. ஊதுவத்தி போலக் கனன்றுகொண்டே, சீராக உள்நோக்கி நகரும். விரலால் பிடித்த வடிவம் கலையாமல் நிற்கும். சாம்பலும் எளிதில் உதிராமல் அதே வடிவத்தில் நின்றுகொண்டிருக்கும். தோலின் மேல் வைக்கும் நெருப்புக்கு இவற்றைவிட வேறென்ன குணங்கள் வேண்டும்? எரியக்கூடிய எத்தனையோ பொருள்கள் இருக்க, இந்த ஓர் இலையையே கிழக்காசியா விடாமல் பற்றிக்கொண்டதற்கு, அதன் மருத்துவ குணம் பற்றிய நம்பிக்கையோடு இந்தக் கைப்பக்குவமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இலையைப் பறித்தவுடன் பயன்படுத்தக் கூடாது என்பது பழைய விதி. ஹூபெய் மாகாணத்தின் சிச்சுன் பகுதியைச் சேர்ந்த மருத்துவர் லி ஷிச்சென், 1596-இல் அச்சான தம்முடைய பெரும் மருந்துப்பொருள் நூலில், நாட்பட்ட இலையையே எடுத்துப் பக்குவப்படுத்த வேண்டும் என்றும், பச்சை இலையால் சூடு போட்டால் அது தசையையும் நாளங்களையும் எளிதில் புண்படுத்தும் என்றும் எழுதியிருக்கிறார். புதிய இலையில் எண்ணெய்ச் சத்து மிகுதி. அதனால் சூடு சட்டென்று ஏறிச் சுரீரென்று தாக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெய் ஆவியாகிக் குறைந்து, எரிதல் தணிவாகிறது. லி ஷிச்சென்னுக்கு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியவரான தத்துவ ஞானி மென்சியசும் இந்த வழக்கத்தை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். அரசராக விரும்பியும் நற்செயல்களை முன்கூட்டிச் சேர்த்து வைக்காதவர்கள், ஏழாண்டு நோய்க்கு மூன்றாண்டுப் பழைய மூலிகையைத் தேடி அலைபவர்களைப் போன்றவர்கள். இன்றைக்கே எடுத்து வைக்கத் தொடங்காவிட்டால் ஆயுள் முழுவதும் அது கிடைக்காது என்கிறார் அவர். அரசியல் அறிவுரையில் உவமையாக வரும் அளவுக்கு, கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே இது மக்கள் அறிந்த வீட்டுப் பொருளாக இருந்திருக்கிறது.

இன்றும் சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் வரும் டிராகன் படகுத் திருவிழாவின்போது, நாம் மாவிலை கட்டுவது போல, வீட்டு வாசலில் 'ஐ' செடியைச் செருகி வைப்பார்கள். பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும் அந்தத் திருவிழாவை ஒட்டிய நாள்களே இலை பறிப்பதற்கும் சிறந்தவை என்று கருதப்படுகின்றன. லி ஷிச்சென்னின் ஊரான சிச்சுன் இலைக்குத் தனிப்பெயர் உண்டு. ஹெனான் மாகாணத்தின் நான்யாங் நகரம் இன்று மோக்ஸா பொருள்கள் தயாரிப்பில் பெரிய மையமாக விளங்குகிறது. ஜப்பானில் ஷிகா பகுதியிலுள்ள இபுக்கி மலையின் மொகுஸா பழைய கவிதைகளிலேயே பேசப்பட்டது.

சூடு எதற்காக

சீன மரபு மருத்துவம் உடலைப் பார்க்கும் பார்வையைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. உடலெங்கும் 'ச்சி' எனும் உயிராற்றல் சில தடங்களின் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அம்மரபின் அடிப்படைக் கருத்து. அந்த ஓட்டம் தடையின்றி இருந்தால் நலம். தேங்கினால் வலியும் நோயும். ஓட்டத்தைத் தேங்கச் செய்யும் காரணங்களில் முதன்மையானது குளிர். நெய் குளிரில் உறைந்து சூட்டில் இளகுவதைப் போல, குளிரால் இறுகிய ஓட்டத்தைச் சூடு இளக்கிவிடும் என்று இதை நமக்குப் பழகிய உவமையால் விளங்கிக்கொள்ளலாம்.

எனவே, இச்சிகிச்சையை எல்லா நோய்க்கும் அவர்கள் பரிந்துரைப்பதில்லை. கைகால் சில்லிட்டிருத்தல், குளிர்காலத்தில் கூடி வெந்நீர் ஒத்தடத்தில் தணியும் மூட்டுவலி, அடிவயிற்றில் குளிர்ச்சியுடன் கூடிய மாதவிடாய் வலி, அடிக்கடி நீர்த்துப் போகும் வயிற்றுப்போக்கு, நெடுங்கால நோயால் வரும் அசதி போன்றவையே இதற்கு உரியவை என்பார்கள். காய்ச்சல், சிவந்து வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டு, தொண்டைப் புண் போன்ற, அவர்கள் கணக்கில் 'வெப்பம்' மிகுந்த நிலைகளில் இதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். சூடு, குளிர்ச்சி என்று உணவையும் உடம்பையும் வகைப்படுத்திப் பழகிய நமக்கு இந்தப் பாகுபாடு எளிதில் பிடிபடும். ஆனால் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: 'ச்சி'யும் அதன் தடங்களும், உடலை அறுத்துப் பார்த்தால் நரம்பு, இரத்தக்குழாய் போலத் தனியுறுப்புகளாகக் கண்ணில் படுபவை அல்ல. அவை ஒரு மரபு தன் அனுபவங்களைத் தொகுத்து வைத்துக்கொள்ள உருவாக்கிய மொழி. அந்த மொழியை அறிந்துகொள்வதற்கும், அதை உடற்கூறாக நம்புவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டால் பின்னால் குழப்பம் வராது.

சூடு கொடுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஊசி குத்தும் அதே புள்ளிகள்தாம். அவற்றுள் மிகவும் புகழ்பெற்றது 'சூசான்லி'. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அகலம் இறங்கி, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளிப்பக்கம் தள்ளினால் அந்த இடம் வரும். விரல் அகலம் என்பது நோயாளியின் விரல் அகலமே; ஒவ்வொருவர் உடலையும் அவரவர் விரலால் அளப்பது இம்மரபின் வழக்கம். செரிமானத்துக்கும் உடல் வலுவுக்கும் இந்தப் புள்ளியைச் சொல்வார்கள். ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689-இல் வடநாட்டை நோக்கித் தம்முடைய நெடிய நடைப்பயணத்துக்கு ஆயத்தமானபோது, கால்சட்டையின் கிழிசலைத் தைத்து, தொப்பியின் கயிற்றை மாற்றி, முழங்காலுக்குக் கீழே இந்த இடத்தில் மோக்ஸா வைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். பயணத்துக்குக் காலைத் திடப்படுத்திக்கொள்வது அக்காலத்தில் துணியைத் தைத்துக்கொள்வதைப் போல இயல்பான ஏற்பாடாக இருந்திருக்கிறது.

செய்முறைகள்

மிகப் பழைய முறை, பஞ்சைக் கூம்பாக உருட்டித் தோலின் மேல் நேரடியாக வைத்து எரிப்பது. கூம்பு அரிசி அளவிலும் இருக்கலாம், கொட்டைப் பாக்கு அளவிலும் இருக்கலாம். ஒரு கூம்பு எரிந்து முடிவதை ஓர் எண்ணிக்கையாகக் கொண்டு, இத்தனை கூம்பு என்று மருந்தின் அளவைச் சொல்வார்கள். பழங்காலத்தில் கூம்பு முழுவதும் எரிந்து தோல் பொசுங்கிப் புண்ணாகிச் சீழ் கோக்க வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. புண் ஏற்பட்டால்தான் நோய் விலகும் என்று நம்பினார்கள். 'நலமாக இருக்க விரும்பினால் சான்லி எப்போதும் காயாமல் இருக்க வேண்டும்' என்னும் பழைய சீன வழக்கு, அந்தப் புள்ளியின் புண் ஆறவே விடாமல் திரும்பத் திரும்பச் சூடு வைப்பதைத்தான் சொல்கிறது. இன்று இம்முறை அருகிவிட்டது. இப்போது நேரடியாகக் கூம்பு வைப்பவர்களும், நோயாளி சூடு பொறுக்கவில்லை என்று சொன்னவுடன் அதை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கிறார்கள்; தழும்பு விழாமல் செய்வதே இன்றைய பொது வழக்கம்.

இரண்டாவது வகையில் தோலுக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒரு பொருள் வைக்கப்படும். இஞ்சியை மெல்லிய வில்லையாக நறுக்கி, ஊசியால் பல துளைகள் இட்டு, அதன் மேல் கூம்பை வைப்பது பரவலானது. பூண்டு வில்லையையும் அவ்வாறு பயன்படுத்துவதுண்டு. தொப்புள் குழியை உப்பால் நிரப்பி அதன் மேல் சூடு கொடுக்கும் முறை தனிச்சிறப்புடையது. ஏனென்றால், தொப்புளில் ஊசி குத்துவதை மரபு தடைசெய்கிறது. ஊசி போக முடியாத இடத்துக்கு நெருப்பு போகிறது. 'ஊசி செய்ய இயலாததற்குச் சூடு ஏற்றது' என்ற கருத்து சீனத்தின் ஆதி மருத்துவ நூலிலேயே உள்ளது.

இன்று நாம் சிகிச்சை நிலையங்களில் மிகுதியாகக் காண்பது மூன்றாவது வகையான சுருட்டு முறை. பஞ்சைக் காகிதத்தில் இறுக்கிச் சுருட்டி, ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள தடித்த சுருட்டாகச் செய்து, ஒரு முனையைப் பற்றவைத்து, தோலிலிருந்து 2 முதல் 3 சென்டிமீட்டர் தொலைவில் பிடிப்பார்கள். ஒரு புள்ளிக்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். தோல் இளஞ்சிவப்பாகி, உள்ளே இதமான வெம்மை இறங்குவதை அடையாளமாகக் கொள்வார்கள். கையை அசைக்காமல் பிடிப்பது ஒரு வகை. வட்டமாகச் சுற்றுவது இன்னொன்று. சிட்டுக்குருவி தானியத்தைக் கொத்துவது போலச் சுருட்டை அருகே கொண்டுபோய் விலக்கி, மீண்டும் அருகே கொண்டுபோய் விலக்குவது மற்றொன்று. கடைசி வகைக்குப் பெயரே 'குருவிக் கொத்தல்'. கேட்க எளிதாக இருக்கும் இவ்வசைவு, செய்பவரின் கவனம் ஒரு கணம் சிதறினாலும் தீக்காயத்தில் முடிந்துவிடும்.

இவற்றோடு, குத்திய ஊசியின் கைப்பிடியில் பஞ்சுருண்டையைச் செருகி எரித்து, ஊசியையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் சூடாக்கும் முறையும், முதுகு வயிறு போன்ற அகன்ற இடங்களுக்கு மரப்பெட்டிக்குள் பஞ்சை எரிக்கும் முறையும் உண்டு. புகை தாங்காதவர்களுக்காகக் கரியாக்கப்பட்ட புகையில்லாச் சுருட்டுகளும் வந்துவிட்டன.

கல்லறைப் பட்டுச்சுருளிலிருந்து நெப்போலியனின் படை வரை

ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில் உள்ள மாவாங்துயி என்னுமிடத்தில் கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973-இல் அகழ்ந்தபோது, பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. அவற்றில் பதினொரு தடங்களை விவரித்து, ஒவ்வொரு தடத்தில் வரும் நோய்களுக்கும் அந்தத் தடத்தில் சூடு கொடுக்கச் சொல்லும் ஏடுகள் இருக்கின்றன. ஊசியைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை. பின்னாளில் புகழ்பெற்ற பன்னிரண்டு தடக் கோட்பாட்டுக்கு முந்திய வடிவம் இது என்பதால், அம்மரபில் நெருப்பு ஊசியைவிட மூத்ததாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதற்குப் பிந்தித் தொகுக்கப்பட்ட மஞ்சள் பேரரசரின் மருத்துவ நூலோ, சூட்டு சிகிச்சை வடக்கிலிருந்து வந்தது என்கிறது: அங்கே நிலம் உயர்ந்தது, காற்று குளிர்ந்தது, மக்கள் திறந்த வெளியில் வாழ்ந்து பால் உணவு உண்பவர்கள், அவர்களுடைய உள்ளுறுப்புகளில் குளிர் தங்கி நோய் உண்டாகும், ஆகவே அவர்களுக்குச் சூடு ஏற்றது என்று காரணமும் சொல்கிறது. ஒரு சிகிச்சை பிறந்த இடத்தைத் தட்பவெப்பத்தோடும் உணவோடும் சேர்த்து விளக்கும் இப்பகுதி அந்நூலின் அழகான பகுதிகளில் ஒன்று.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பாவ் கூ என்ற பெண் மருத்துவர், தென்சீனாவின் குவாங்சோவில் இச்சிகிச்சைக்குப் பெயர்பெற்றவராக நினைவுகூரப்படுகிறார். அவருடைய கணவர் கெ ஹோங்கும் மருத்துவரே. கெ ஹோங் எழுதிய கைமருத்துவ நூலில் ஆர்ட்டிமீசியா பேரினத்தின் இன்னொரு செடியைக் குளிர்ந்த நீரில் பிழிந்து காய்ச்சலுக்குக் குடிக்கச் சொல்லும் குறிப்பு ஒன்று இருக்கிறது. அதைப் படித்த தூ யூயூ, மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்து 2015-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்தச் செடி வேறு, மோக்ஸா செடி வேறு. அந்தப் பரிசை மோக்ஸாவின் பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்வது தவறு.

எட்டாம் நூற்றாண்டில் வாங் தாவ் என்பவர் 752-இல் முடித்த பெருந்தொகை நூலில், ஊசி உயிரோடிருப்பவரைக் கொல்லக்கூடும் என்று அஞ்சி ஊசி முறைகளை ஒதுக்கிவிட்டுச் சூட்டு முறைகளை மட்டுமே சேர்த்தார். ஆயினும் இதன் வலியைக் காட்டும் சான்றுகளும் உண்டு. தைப்பேய் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள, சோங் காலத்து ஓவியர் லி தாங் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியத்தில், மரத்தடியில் ஒரு நாட்டு மருத்துவர் ஒருவனுடைய முதுகில் சூடு வைக்கிறார்; அவன் வாயைத் திறந்து அலற, சுற்றியிருப்பவர்கள் அவன் கைகால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைய இதமான சுருட்டு முறையை மட்டும் பார்த்தவர்கள் இந்த ஓவியத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

கொரியாவிலும் ஜப்பானிலும் இது சீனாவிலிருந்து பரவி வேர்கொண்டது. ஜப்பானில் இன்றும் ஊசி வைப்பவருக்கு ஓர் அரசு உரிமமும், மோக்ஸா வைப்பவருக்குத் தனியாக இன்னோர் உரிமமும் உண்டு. ஐரோப்பாவுக்குச் செய்தி போனது பட்டேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா வழியாக. அங்கிருந்த ஹெர்மன் புஷோஃப் என்ற டச்சுப் பாதிரியார், தம்முடைய கீல்வாத வலிக்கு ஆசியப் பெண் வைத்தியர் ஒருவர் இட்ட மோக்ஸாவால் நிவாரணம் கண்டு, 1670-களில் அதைப் பற்றி நூல் எழுதினார். 'மோக்ஸா' என்ற சொல் அதன் வழியாகவே ஐரோப்பாவில் பரவியது. நெப்போலியனின் படை மருத்துவரான லாரே, இலைப்பஞ்சுக்குப் பதிலாகப் பருத்திப் பஞ்சை வைத்து இம்முறையைப் பயன்படுத்தினார். சீன அரண்மனையோ 1822-இல், பேரரசரின் உடலில் ஊசி குத்துவதும் சூடு வைப்பதும் தகாது என்று கூறி, அரச மருத்துவக் கழகத்தில் இதற்கென இருந்த பிரிவையே மூடிவிட்டது. ஊர்ப்புறங்களில் மட்டும் உயிரோடிருந்த இம்முறைக்கு 1950-களில் சீன அரசு மீண்டும் ஆதரவு தந்தது. 2010-இல் யுனெஸ்கோ இதை ஊசி முறையோடு சேர்த்து மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியல் ஒரு கலையின் பண்பாட்டு மதிப்பைக் குறிப்பது. நோய் தீர்க்கும் ஆற்றலுக்குச் சான்றிதழ் ஆகாது.

அறிவியல் என்ன சொல்கிறது

முதலில் சூட்டைப் பற்றிய உறுதியான செய்தி. சூடான இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடும். இறுகிய தசை தளரும். வலி உணர்வு மட்டுப்படும். ஒத்தடம் கொடுத்து வளர்ந்த யாருக்கும் இது புதிதன்று. தோலின் நரம்பு முனைகளில், ஏறக்குறைய 43 பாகை செல்சியசைத் தாண்டும் சூட்டை உணரும் ஒரு புரதம் உள்ளது. மிளகாயின் காரத்துக்கும் துலங்கும் அந்தப் புரதத்தைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியசுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மோக்ஸாவின் சூடும் இதே வாசலைத்தான் தட்டுகிறது என்று கருத இடமுண்டு. ஆனால் காலின் ஒரு புள்ளியில் கொடுத்த சூடு வயிற்றின் நோயைத் தீர்க்கிறது என்று சொல்வதற்கு இது போதாது; அதற்குத் தனிச் சோதனைகள் வேண்டும்.

அப்படிச் சோதிக்கப்பட்டவற்றுள் மிகவும் பேசப்படுவது, கருப்பையில் தலை மேலாக, பிட்டம் கீழாக இருக்கும் குழந்தையைத் திரும்பச் செய்வது. இதற்குத் தாயின் காற்சுண்டுவிரல் நகத்தின் வெளிமூலையில் உள்ள 'ஜியின்' என்ற புள்ளிக்குச் சூடு கொடுப்பார்கள். சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் முதல் பிரசவத்தை எதிர்நோக்கி 33-ஆம் வாரத்தில் இருந்த 260 பெண்களிடம் நடத்திய சோதனை 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. மோக்ஸா பெற்ற 130 பேரில் 98 பேருக்கு 35-ஆம் வாரத்தில் குழந்தையின் தலை கீழே திரும்பியிருந்தது. பெறாத 130 பேரில் 62 பேருக்குத் திரும்பியிருந்தது. இந்த இரண்டாவது எண்ணையும் கவனிக்க வேண்டும். எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் தாமாகத் திரும்பியிருக்கின்றன. தன் மனைவிக்குப் பலித்தது என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து ஏன் முடிவுக்கு வரக்கூடாது என்பதை இந்த ஓர் எண்ணே விளக்கிவிடும். ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இருந்ததால்தான் வேறுபாடு தெரிந்தது.

ஆனால் 2009-இல் ஜெனீவாவில் 212 பெண்களிடம் செய்த சோதனையில் நன்மை எதுவும் காணப்படவில்லை: மோக்ஸா குழுவில் 18 விழுக்காடு, மற்றக் குழுவில் 16 விழுக்காடு குழந்தைகளே திரும்பின. அங்கே சிகிச்சை தொடங்கிய வாரம் பிந்தியது, செய்த நாள்களும் குறைவு. அது காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பல சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த பிந்தைய தொகுப்பாய்வுகள் ஓரளவு பயன் இருக்கக்கூடும் என்ற பக்கம் சாய்கின்றன; அறுவைப் பிரசவம் குறைகிறதா என்பதில் தெளிவில்லை.

மூட்டுவலி, மாதவிடாய் வலி, பக்கவாதத்துக்குப் பிந்தைய மீட்சி, செரிமானக் கோளாறு என்று வேறு பலவற்றுக்கும் ஆய்வுகள் வந்துள்ளன. பல சிறியவை, செய்முறையில் குறையுள்ளவை. இதில் ஓர் இயல்பான இடர்ப்பாடும் இருக்கிறது. மாத்திரையைச் சோதிக்கும்போது ஒரு குழுவுக்குப் போலி மாத்திரை கொடுத்து மறைத்துவிடலாம். தோலில் சூடும் மூக்கில் புகையும் படும் சிகிச்சையைப் பெறுகிறோமா இல்லையா என்பதை எவரிடம் மறைக்க முடியும்? எதிர்பார்ப்பினால் வரும் ஆறுதலையும் சிகிச்சையினால் வரும் ஆறுதலையும் பிரிப்பது இதனால் கடினமாகிறது. இதமான சூட்டால் வலி தணிவதை நம்பத் தயங்க வேண்டியதில்லை. புற்றுநோய், நீரிழிவு, மலட்டுத்தன்மை ஆகியவற்றை இது தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது.

செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு

தோல் வெந்துபோவது சூட்டின் அளவை மட்டும் பொறுத்ததன்று. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் பொறுத்தது. 1947-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, 44 பாகையில் தோல் சிதைய ஏறக்குறைய ஆறு மணி நேரமும், 60 பாகையில் சில வினாடிகளும் போதும் என்று காட்டியது. மோக்ஸா சுருட்டின் கனலும் முனை பல நூறு பாகை சூடுடையது. ஆகவே, சுகத்துக்கும் கொப்புளத்துக்கும் நடுவில் இருப்பது கையின் தொலைவும் கடிகாரமும்தான். இச்சிகிச்சையின் தீங்குகளாகப் பதிவானவற்றில் தீக்காயம், ஒவ்வாமை, புகையால் வரும் தொல்லை ஆகியவை அடங்கும்.

நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் இதை வீட்டில் தாமாகச் செய்துகொள்வது பேராபத்து. சூடு உறைக்காது, புண் வந்த பின்னர்தான் தெரியும், அந்தப் புண் ஆறவும் ஆறாது. ஆஸ்துமா உள்ளவர்கள் புகையுள்ள வகையைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றவர்களின் வயிற்றிலும் இடுப்பிலும், யாருடைய கண்ணருகிலும், காயம்பட்ட தோலிலும் இது கூடாது. குழந்தை தலைமேலாக இருக்கிறது என்பதற்காக இதைச் செய்ய விரும்பும் தாய், மகப்பேறு மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது. நஞ்சுக்கொடி கீழே இருத்தல் போன்ற காரணங்களால் குழந்தை திரும்பியும் பயனில்லாத நிலைகள் உண்டு. முடிந்ததும் சுருட்டை மணல் நிரம்பிய குடுவைக்குள் தலைகீழாக அமிழ்த்தி அணைக்க வேண்டும். வெளியே சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே நெடுநேரம் கனல் இருக்கும். குப்பைத்தொட்டியில் போட்டால் தீப்பிடிக்கலாம்.

நல்ல சிகிச்சையாளரை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால், அவருடைய மற்றொரு கையைப் பாருங்கள் என்று சொல்வேன். குழந்தைகளுக்கோ உணர்ச்சி மங்கிய முதியவர்களுக்கோ சூடு கொடுக்கும்போது, முறையாகப் பயின்றவர் ஒரு கையில் சுருட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அந்தப் புள்ளியின் இருபுறமும் நோயாளியின் தோல்மேல் வைத்திருப்பார். நோயாளிக்கு எவ்வளவு உறைக்கிறது என்பதைத் தம் விரல்களால் உணர்ந்து, அதற்கேற்ப நெருப்பை விலக்கிக்கொண்டே இருப்பார்.